சந்தனம் படிந்த துப்பாக்கி

சபாபதி அங்கிள் என் நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டி விசையை அமுக்கினார். மந்தமாக ஒரு சத்தம் வந்தது.

“பாரு. முன்னெல்லாம் டக்குனு கேக்கும். இப்ப கிழவன் இருமுற மாதிரி இருக்கு. உலுக்குனா உள்ள வேற என்னமோ கிலுங்குது.”

“மொதல்ல அதை அந்தப் பக்கம் திருப்புங்க அங்கிள்.”

“காலிடா, பயந்தாங்கொள்ளி.” துப்பாக்கியின் பின்பக்கத்தில் கைப்பிடி வைத்த இரும்புத் தண்டை, போல்ட்டை, இழுத்துக் காட்டினார். எதுவும் வெளியே விழவில்லை. “பாத்தியா? ஒண்ணும் இல்ல.”

நானும் பார்த்தேன். எதுவும் விழவில்லை என்பதால் உள்ளே எதுவும் இல்லை என்று நம்பினேன்.

காலை எட்டரை இருக்கும். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து, வேனில் கிள்ளானுக்கு வந்து இறங்கி, இன்னும் யூனிஃபாரம்கூட மாற்றவில்லை. அங்கிள் வீட்டு மாடி அறையில் மூன்று வருடமாக இருக்கிறேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். எஃகுத் துண்டுகளில் துளை போடும் மெஷினில் வேலை. இரும்பைத் தொடுகிறவன் எந்த இரும்பையும் சரிசெய்வான் என்று அங்கிள் நினைத்துக்கொண்டார்.

அவருக்கு எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் நாலு ஏக்கர் செம்பனைத் தோட்டம் உண்டு. குரங்கு விரட்ட என்று அவர் அப்பா எடுத்த லைசென்ஸ் பிறகு அவர் பெயருக்கு வந்தது. சின்னத் தோட்டா போடும் பாயிண்ட் டூ டூ. வருடா வருடம் அதைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நாளை மறுநாள் அந்த நாள்.

“கடையில குடுங்க அங்கிள்.”

“கேஎல்ல ஒருத்தன்கிட்ட காட்டினேன். இது குப்பை, போலீஸ் பலாய்ல சரண்டர் பண்ணிடுங்கன்னான். சரண்டர் பண்ணவா எங்கப்பா வாங்கினாரு?”

“எனக்கு லைசென்ஸ் இல்ல. இது என் ரூம்ல இருந்தா உள்ள தள்ளி ரோத்தான் பிரம்பால அடியும் குடுப்பான்.”

“உன் ரூமுக்கு யாரு வரப்போறா? பொண்ணு வீட்டுக்காரங்களா?” என்று சிரித்தார். “லைசென்ஸ் பாரத்துக்கு ஃபோட்டோஸ்டாட் எடுக்கணும். போயிட்டு வந்துடுறேன். ஆன்டிக்குத் தெரிய வேணாம் லா.”

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வருடத்தில் அந்த மனிதர் ஒருநாள்கூட நீ ஏன் படிப்பை விட்டாய் என்று என்னிடம் கேட்டதில்லை. வேறு காரணம் எனக்கும் தெரியவில்லை.

அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் பயம் ஒழுங்காக வந்தது. கதவைத் தாழிட்டேன். திரைச்சீலையை இழுத்தேன். கட்டிலில் விரித்த கைலியின் மேல் அந்தச் சாமான் கிடந்தது. வெளியே ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் போகும்போதும் என் கை நின்றது. பாதி பிரித்துப் போட்ட துப்பாக்கியோடு ஒருவனைப் பிடித்தால் அவன் என்ன விளக்கம் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வேலையைச் சீக்கிரம் முடிப்பது ஒன்றுதான் வழி என்று தோன்றியது.

அடியிலிருந்த இரண்டு திருகுகளைக் கழற்றி மரக்கட்டையைப் பிரித்தேன். கவிழ்த்து உலுக்கியதும் கைலியில் அரிசி அளவுக்கு ஓர் எஃகுத் துண்டு விழுந்தது. கிலுங்கியது இதுதான். போல்ட்டின் முனையில் கொக்கி மாதிரி ஒரு பகுதி உண்டு. தோட்டாவின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுப்பது அதன் வேலை. அது உடைந்திருந்தது. அதைப் புதிதாகச் செய்யத்தான் வேண்டும், இன்றைக்கு ஆகாது.

மந்தமான சத்தத்துக்குக் காரணம் வேறு. போல்ட்டுக்குள் தோட்டாவை அடிக்கும் ஊசியும் சுருள்வில்லும் இருக்கின்றன. இரண்டையும் சுற்றி மஞ்சளாக ஏதோ இறுகியிருந்தது. பழைய கிரீஸ் என்று நினைத்துத் தின்னரில் ஊறவைத்துத் தேய்த்தேன். கரையக் கரைய அறை முழுக்கச் சந்தன வாசனை.

ஆயுத பூசை. நான் கத்தோலிக்கன், ஆனாலும் மூன்று வருடமாக அந்தப் பூசைக்குக் கீழே போய் அவலும் கடலையும் வாங்கித் தின்றிருக்கிறேன். கார் சாவி, மண்வெட்டி, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், ரமணி ஆன்டியின் தையல் மெஷின், எல்லாவற்றோடும் சாமி மேடைக்குக் கீழே இந்தத் துப்பாக்கியும் படுத்திருக்கும். ஆன்டி விரலால் சந்தனம் தொட்டு எல்லாவற்றுக்கும் வைப்பார், அதன் மேல் குங்குமம். மறுநாள் அங்கிள் துடைப்பது வெளியே தெரிவதை மட்டும்தான். மிச்சம் எண்ணெயோடு சேர்ந்து ஒவ்வொரு வருடமும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஊசி சேற்றில் நடக்கிற மாதிரி நகர்ந்ததில் ஆச்சரியமில்லை.

துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் பூட்டினேன். போல்ட்டைத் தள்ளியதும் வில் இறுகியது. இப்போது விசையை ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். குழல் தரையைப் பார்த்திருந்தது. தரைக்குக் கீழே சமையலறை. ரமணி ஆன்டி மிக்சியில் தேங்காய் அரைக்கும் சத்தம் வந்தது. விரலை விசையில் வைத்தேன்.

தொழிற்சாலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துளையையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டேன். மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். இந்தக் குழலை நான் இன்னும் பார்க்கவில்லை. விரலை எடுத்தேன். போல்ட்டை உருவினேன். பின்பக்கத்தில் போனின் டார்ச்சை வைத்து, முன்பக்கத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

இருட்டு.

டார்ச் அணைந்துவிட்டதோ என்று பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுபடி கண்ணை வைத்தேன். இருட்டுதான். அப்போதுதான் நான் எதை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. தலையை வெடுக்கென்று இழுத்தேன். பின்பக்கத்தைத் துணியால் துடைத்து வெளிச்சம் காட்டினேன். இரும்பின் நிறத்துக்கே கறுத்துப்போன ஒரு சின்ன வட்டம். துணி பட்ட இடத்தில் பித்தளை மினுங்கியது. தோட்டா.

கொக்கி உடைந்துவிட்டதால் போல்ட்டை எத்தனை தடவை இழுத்தாலும் அது வராது. எதுவும் விழாதது காலி என்பதற்கு அடையாளமே இல்லை. காலையில் என் நெஞ்சுக்கு நேராக அமுக்கியபோதும் இது உள்ளே இருந்தது. வெடிக்காமல் போனதற்குச் சந்தனம்தான் காரணம். அந்தச் சந்தனத்தை நான் இப்போது சுத்தமாகத் துடைத்துவிட்டேன்.

கீழே மிக்சி நின்றது.

“நைஜல்! டெங்கி ஆளுங்க வந்திருக்காங்க! மேல வராங்க, கதவத் தொற!” ரமணி ஆன்டியின் குரல் மாடிப்படியிலேயே கேட்டது. கூடவே பூட்ஸ் சத்தம்.

போல்ட் இல்லாமல் அது வெடிக்காது. அதை மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போல்ட்டைக் கால்சட்டைப் பையில் போட்டேன். துப்பாக்கியைக் கைலியோடு சுருட்டி மெத்தைக்கு அடியில் தள்ளினேன். மெத்தை ஒரு பக்கம் மேடாக நின்றது. தலையணையை அதன் மேல் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.

சுகாதாரத்துறைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் கையில் டார்ச்சோடு உள்ளே வந்தான். பின்னால் ஆன்டி. அவன் எதுவும் பேசாமல் குளியலறைக்குப் போனான். வாளிக்குள் டார்ச் அடித்தான். ஒரு குழாயால் தண்ணீரை உறிஞ்சிக் கண்ணாடிக் குப்பியில் விட்டு என் முகத்துக்கு நேராக ஆட்டினான். நாலைந்து புழுக்கள் நெளிந்தன.

“ஐயோ, ஒரு வாளியக் கழுவ மாட்டியா? உன்னால இப்ப தெருவுக்கே கொசு,” என்றார் ஆன்டி.

அவன் நோட்டீஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார இடம் தேடினான். அறையில் நாற்காலி இல்லை. கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மெத்தையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, கல் மாதிரி இருக்கிறதே, எப்படித் தூங்குகிறாய் என்று மலாயில் கேட்டான். நான் சிரிக்க முயன்றேன். வாய் ஒரு பக்கம்தான் போனது.

அடையாளக் கார்டு கேட்டான். பர்ஸ் எந்தப் பையில் இருக்கிறது என்று அப்போதுதான் நினைவு வந்தது. பர்ஸை இழுத்ததும் போல்ட்டும் கூடவே வந்து தரையில் விழுந்து அவன் பூட்ஸ் வரைக்கும் உருண்டது.

அவன் குனிந்து எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்ன இது என்றான்.

“மெஷின் பார்ட்,” என்றேன். “கிலாங்.” தொழிற்சாலைக்கு மலாயில் அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

அவன் என் யூனிஃபாரத்தைப் பார்த்தான். பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்தான். எவ்வளவு நேரம் படித்தான் என்று தெரியவில்லை. நான் ஆன்டியைப் பார்த்தேன். அவர் அவன் கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைப்பிடிக் குமிழில் வருடா வருடம் தன் விரலால் பொட்டு வைத்தவர் அவர். அவருக்குத் தெரிந்துவிட்டது. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். அறையில் தின்னரையும் மீறிச் சந்தனம் மணத்தது.

“அவனுக்கு எப்பவும் வீட்டுக்கு வந்தும் வேலைதான்,” என்று மலாயில் அவனிடம் சொன்னார்.

அவன் போல்ட்டை என் கையில் கொடுத்தான். நோட்டீஸைக் கிழித்து நீட்டினான். புகை அடிக்கப் போகிறோம், எல்லாரும் வெளியே போங்கள், கதவுகள் திறந்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

தெருவில் அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குள் மெஷின் உறுமியது. என் அறை ஜன்னலிலிருந்து வெள்ளைப் புகை வெளியே வந்தது. ஒருவன் அந்தப் புகைக்குள், என் கட்டிலுக்குப் பக்கத்தில், நடந்துகொண்டிருக்கிறான். மெத்தையைத் தூக்கி அடிப்பானா, மாட்டானா? எனக்குத் தெரியாது. வியர்வை கண்ணில் இறங்கியது.

“அந்த மனுசன் குடுத்தாரா?” ஆன்டி என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“ஆமா ஆன்டி.”

“வெளங்கும். எதுக்கு இப்படி நடுங்குற? அவன்தான் போயிட்டானே.”

“உள்ள குண்டு இருக்கு ஆன்டி.”

அவர் புகை வரும் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

புகை அடங்கி நாங்கள் மேலே போனபோது அது வைத்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிளும் வந்துவிட்டார். வாசலில் ஆன்டியைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதங்களைப் பின்னால் மறைத்தார். நான் இரண்டு வரியில் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“சும்மா சொல்லாதடா. நான்தான் தொறந்து காட்டினேனே.”

“நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க,” என்றேன்.

இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடி விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. குறடு போட்டு விளிம்பைக் கவ்வினால் அதுவே போதும். என் தூண்டில் கோலின் மெல்லிய நுனிப் பகுதியை எடுத்து, குழலின் முன்பக்கமாக விட்டு, உடம்பை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, மெதுவாகத் தள்ளினேன். நகரவில்லை. பின்பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். மூவரும் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. மறுபடி தள்ளினேன். ஏதோ விட்டுக்கொடுத்தது. கைலியில் சத்தமில்லாமல் விழுந்தது.

எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். விளிம்பில் ஒரே ஒரு பள்ளம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்ததால் நகம் நுழையும் அளவுக்கு ஆழமாகியிருந்தது.

“மூசாங்,” என்றார் அங்கிள். மரநாயைச் சொன்னார். “ரெண்டு வருசத்துக்கு முந்தி, கோழிக்கூட்டுல மூசாங் வந்திச்சே. அமுக்கினேன், வெடிக்கல. இழுத்துப் பாத்தேன், ஒண்ணும் வரல. எங்கயோ தெறிச்சிட்டுதுன்னு நெனச்சேன்.” பிறகு அவர் முகத்தில் வேறு ஏதோ வந்தது. “அப்ப ஊசிய நீ சரி பண்ணிட்டியா? இனிமே வேலை செய்யும்?”

நான் தூண்டில் கோலைத் துடைத்தேன்.

“பூசையில அதோட குழலை எந்தப் பக்கமா வெப்பீங்க?” என்று ஆன்டி கேட்டார்.

அங்கிள் கையிலிருந்த காகிதங்களைச் சுருட்டினார்.

“எந்தப் பக்கமா?”

“அடுப்படிப் பக்கமா,” என்றார் அங்கிள்.

“அங்க உக்காந்துதான் நான் பொங்கல் கிண்டுறேன். பூசைக்கு முன்னாடி கோளாறு பாக்குறேன்னு வருசா வருசம் அமுக்கிப் பாப்பீங்க.”

“ரமணி...”

“நாளான்னைக்கி இல்ல. இப்பவே போறோம். சரண்டர்.”

“எங்கப்பா...”

“ஒங்கப்பா இருந்தா அவரையும் கூட்டிட்டு வாங்க.”

துப்பாக்கியைக் கைலியில் சுற்றி அங்கிள் கையில் கொடுத்தேன். போல்ட்டை அவரிடம் கொடுக்கவில்லை. ஆன்டியிடம் கொடுத்தேன், தோட்டாவை ஒரு காலி மருந்து டப்பாவில் போட்டு அதையும் கொடுத்தேன். அவர் இரண்டையும் கைப்பையில் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். என் பெயர் எங்கும் வராது என்று அவராகவே சொன்னார். வருமா என்று நான் கேட்கவிருந்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரின் பின்டிக்கியைத் திறந்து துப்பாக்கியை உள்ளே வைத்தார்கள், சாத்தினார்கள். பிறகு முன்கதவுகள் இரண்டு. மூன்று சத்தம்.

வாளியைக் கவிழ்த்துக் கழுவினேன். படுத்தேன். மெத்தையில் அது இருந்த இடத்தைத் தவிர்த்து ஓரமாகப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எந்த வண்டி வந்தாலும் போலீஸ் வண்டி என்றே தோன்றியது. மாலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை வேன் வரும்.

மூன்று மணிக்கு மேல் அங்கிளின் கார் வந்து நின்றது. எழுந்து பார்க்கத் தைரியம் இல்லை. படுத்தபடியே கேட்டேன். ஒரு கதவு சாத்தியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஆன்டியின் செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போனது. பின்னாலேயே அங்கிளுடையது, மெதுவாக.

மூன்றாவதாகப் பின்டிக்கியின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை அது வரவில்லை.