இடப்பக்கம் சுற்றிய சும்மாடு

கோட்டாறு சந்தையில் மூட்டை இறக்கும் கிருஷ்ணமணிக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் கால் தானாக மீரான் பாயின் மாடிக்குப் போய்விடும். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே நீளமாக ஓர் அறை. முகம்மது மீரான் அங்கே வெள்ளைத் துணி கட்டி, தியேட்டர் பக்கமே வராத படங்களாகக் கொண்டுவந்து போடுவார். கிருஷ்ணமணி முதல் தடவை போனது படத்துக்காக அல்ல. மின்விசிறியும் ஓசிச் சாயாவும் உண்டு என்று ஒருத்தன் சொன்னதால் போனார். போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

தலை நரைக்கத் தொடங்கிய பிறகு எழுத்துக் கூட்டப் படித்த ஆள் அவர். படத்தின் அடியில் ஓடும் தமிழ் வரியை வாய்க்குள் முணுமுணுத்து முடிக்குமுன் அடுத்த வரி வந்து நிற்கும். போகட்டும், மிச்சத்தை மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிடுவார்.

படம் முடிந்ததும், "அண்ணாச்சி என்ன சொல்லுதீரு?" என்று மீரான் பாய் கேட்பது வழக்கமாகிவிட்டது. கிருஷ்ணமணியும் சளைக்காமல் சொல்லுவார். பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிற ஒருவரைப் பற்றி ஒரு படம் போட்டபோது, "ஒட்டகத்துக்கு நோவுன்னா அந்த மனுசன் கூடவே இருக்காரு. அவருக்கு நோவு வந்தா யாரு இருப்பாவன்னு படம் எடுத்தவனுக்குக் கேக்கத் தோணல்லியே" என்றார். மலை ஏறிப் பள்ளிக்கூடம் போகும் வாத்தியார் படத்துக்கு, "நடையெல்லாம் கொள்ளாம். ஆனா முதுகுப் பையில பஞ்சுதான் இருக்கு பாய். பாரம் தூக்குனவன் அப்பிடி நிமிந்து நடக்கமாட்டான்" என்றார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. எல்லாப் படத்துக்கும் பொதுவாக அவரிடம் ஒரு குறை உண்டு. "என்னத்துக்கு இம்புட்டு இருட்டு? மூஞ்சி தெரியாத ஆளை நான் எப்படி நம்புவேன்?"

அன்றைக்குப் போட்டது இந்த ஜில்லாவிலேயே எடுத்த படம். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண் நந்தனா, பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு கல்குவாரியைப் பற்றி எடுத்திருந்தாள். கூட்டம் கொஞ்சம் அதிகம். பின்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணமணி பார்த்ததுமே ஆளைத் தெரிந்துகொண்டார். சுயம்புராஜ். அந்தக் குவாரியின் மேனேஜர். கிருஷ்ணமணியின் தங்கை பகவதியம்மாள் அங்கேதான் கல் சுமக்கிறாள். ஒருநாள் அவளுக்கு மருந்து கொண்டுபோனபோது, கேட்டுக்குள் நின்று அந்த ஆள் பெண்களை வைதுகொண்டிருந்ததைக் கிருஷ்ணமணி பார்த்திருக்கிறார். அவருக்குத்தான் கிருஷ்ணமணியைத் தெரியாது.

விளக்கை அணைத்தார்கள். லாரிகள், தூசி, வெடி போட்டுப் பிளந்த மலை. பிறகு ஓர் அறை. ஜன்னலுக்கு எதிராக ஒரு பெண் இருந்தாள். முகம் முழுக்கக் கறுப்பு. குரலையும் மாற்றி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆக்கியிருந்தார்கள்.

"எங்ககூட வேலை பாத்த ஞானதாசன் ரோட்டுல வண்டி இடிச்சுச் சாகல்ல. குழிக்குள்ள நிக்கும்போ சொல்லாம வெடி வச்சாவ. கல்லு மேல விழுந்துது. நாங்க கண்டோம். பொறவு அவரைத் தூக்கிட்டுப் போயி ரோட்டோரம் போட்டாவ."

கறுப்பு முகத்துக்குக் கீழே கைகள் மட்டும் வெளிச்சத்தில் இருந்தன. பேச்சுக்கு நடுவே அவை சும்மா இருக்கவில்லை. மடியில் கிடந்த துண்டை எடுத்து, முறுக்கி, தலையில் பாரம் வைக்கிற சும்மாடாகச் சுற்றின. அவிழ்த்தன. மறுபடி சுற்றின.

கிருஷ்ணமணியின் கையிலிருந்த சாயா ஆறிப்போனது.

எல்லோரும் சும்மாட்டை வலப்பக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகுவார்கள். இந்தக் கை இடப்பக்கமாகச் சுற்றி, நுனியைக் காதுப்பக்கம் வால்போலத் தொங்கவிட்டது. பகவதி இடதுகைக்காரி. சின்ன வயதில் புல்லுக்கட்டுச் சுமக்கும்போதே அவள் சும்மாட்டுக்கு வால் உண்டு. "குரங்குச் சும்மாடு" என்று கிருஷ்ணமணியே கேலி செய்திருக்கிறார்.

சேலை அவளுடையதல்ல, யாரிடமோ இரவல் வாங்கியிருக்கிறாள். வளையலைக் கழற்றியிருக்கிறாள். எல்லாம் யோசித்தவள் துண்டை மட்டும் யோசிக்கவில்லை. அண்ணனிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் இவ்வளவும் செய்திருக்கிறாள்.

கிருஷ்ணமணி திரும்பிப் பார்க்கப் பயந்து, குனிந்து செருப்பைச் சரிசெய்கிறவர்போலப் பின்னால் பார்த்தார். சுயம்புராஜ் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு முன்னால் சாய்ந்திருந்தார்.

விளக்கு எரிந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் முதல் ஆளாகச் சுயம்புராஜ்தான் எழுந்தார். குரல் மரியாதையாகவே இருந்தது.

"படம் நல்லாருக்கு மேடம். அந்தப் பொம்பள பேசுத எடத்தை ஒருக்கா திரும்பப் போடுவியளா? செரியா கேக்கல்ல."

"அதுக்கென்ன, போடலாமே" என்றாள் நந்தனா. அவளுக்கு ஆள் யாரென்று தெரியாது. மீரான் பாய் கணினியின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

இன்னொரு தடவை ஓடினால் போச்சு. கிருஷ்ணமணி எழுந்துவிட்டார்.

"பாய், வேண்டாம்! என்னத்துக்குத் திரும்பப் போடணும்? அந்த எடம் ஒண்ணும் கொள்ளாது."

எல்லோரும் திரும்பினார்கள். "அண்ணாச்சி தொடங்கியாச்சு" என்று யாரோ சிரித்தார்கள்.

"அது நெசப் பொம்பள இல்ல. யாரையோ கூட்டிட்டு வந்து நடிக்க வச்சிருக்காவ."

நந்தனா ஓரடி முன்னால் வந்தாள். "இல்ல அண்ணா. சத்தியமா நடிப்பு இல்ல. அவங்க நேர்ல கண்டதைத்தான் சொன்னாங்க."

"நீ சொல்லுவே பிள்ளே. நான் வாழ்நாளெல்லாம் பாரம் தூக்குதவன். எனக்குத் தெரியாதா?" எப்படியாவது நம்பவைத்துவிட வேண்டும் என்ற வெறியில் நாக்கு ஓடியது. "சும்மாடு சுத்தத் தெரியல்ல அவளுக்கு. கண்டியளா? எந்தச் சுமட்டுக்காரியாவது இடப்பக்கமாச் சுத்துவாளா? நுனியைக் காதுகிட்ட வாலு மாதிரித் தொங்கவிடுவாளா?"

சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

அறை கலகலத்தது. மீரான் பாய் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். சுயம்புராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தன் இடது கையைத் தூக்கி, காற்றில் மெல்ல ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். பிறகு காதோரம் விரலை வைத்தார்.

"செரிதான்" என்றார். "நல்லாப் பாத்திருக்கீரு அண்ணாச்சி. திரும்பப் போட வேண்டாம் மேடம்."

படியிறங்குகிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கார் கிளம்பியது.

கிருஷ்ணமணி பகவதிக்குப் போன் போட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. நந்தனா கோபத்தோடு கிட்டே வந்தாள். "உங்க வாயால இப்படி வருமுன்னு நான் நினைக்கல்ல அண்ணா. அவங்க உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு..."

"அவ என் தங்கச்சி பிள்ளே."

நந்தனா படிக்கட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பப் போனானே, அவன்தான் அவளுக்க மேனேஜரு. காட்டிக் குடுத்தது நானு."

மீரான் பாய் கடையைப் பூட்டக்கூட நிற்கவில்லை. அவருடைய பழைய ஆம்னி வண்டியில் மூன்று பேரும் ஏறினார்கள். தக்கலை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் வெள்ளை நிறத்தில் எந்தக் கார் தெரிந்தாலும் கிருஷ்ணமணி எட்டிப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"கொஞ்சம் வேகமாப் போகும் பாய்."

"இதுக்கு மேல போனா வண்டி நின்னுரும் அண்ணாச்சி. அல்லாவைக் கூப்பிடும், இல்லேன்னா ஒம்ம அம்மனைக் கூப்பிடும். என்னைக் கூப்பிடாதேயும்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறிப் போகிற மண்ரோட்டின் கடைசியில் பகவதியின் வீடு. மழை விட்டிருந்தது. முற்றத்துச் சேற்றில் கார்ச்சக்கரத் தடம் புதிதாகக் கிடந்தது. கிருஷ்ணமணி வண்டி நிற்குமுன் குதித்தார்.

"ஏட்டி பகவதி!"

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர்ச் செம்பு இருந்தது. மடியில் ஒரு துண்டு. அவளுடைய துண்டு அல்ல, புதிய வெள்ளைத் துண்டு. வாலோடு சுற்றியபடி இருந்தது.

"வந்தாரு" என்றாள். "குடிக்க வெள்ளம் கேட்டாரு, குடுத்தேன். பொறவு காருலயிருந்து இந்தத் துண்டை எடுத்துப் போட்டாரு. 'ஒரு சும்மாடு சுத்து பாப்போம்'னு சொன்னாரு."

"நீ என்னட்டி செய்தே?"

"என்னத்துக்குக் கேக்காருன்னு எனக்குத் தெரியுமா? வலப்பக்கமாச் சுத்திப் பாத்தேன், ஏதோ மனசுக்குச் செரியில்லன்னு. கை வரல்ல அண்ணே. பொறவு அது பாட்டுக்கு அது வழிக்குப் போச்சு."

"ஒண்ணும் சொல்லல்லியா அவன்?"

"சிரிச்சாரு. 'மேல கல்லு சுமக்கது போதும், நாளைக்குக் குழிக்குள்ள எறங்கு'ன்னாரு. ஞானதாசன் நின்ன எடம்."

கிருஷ்ணமணி சேற்றிலேயே குந்திவிட்டார். நடந்ததைச் சொன்னார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவளை நடிப்பு என்று சொன்னதையும்.

பகவதி செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள்.

"சின்னதுல குரங்குச் சும்மாடுன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சே. இன்னும் ஒனக்கு அந்த வாயி அடங்கல்ல."

"என்னைச் செருப்பால அடி. இப்பக் கெளம்பு, என்கூடக் கோட்டாறுக்கு வந்துரு. இனி வேலைக்குப் போகாத."

"வந்து? ஒன் ஒத்த அறைக்குள்ள எத்தனை நாளு ஒளிஞ்சிருப்பேன்? அவருக்குக் கோட்டாறுக்கு வழி தெரியாதா?"

நந்தனா அவள் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "தப்பு என்னுதுதான் அக்கா. கையை நான் கவனிக்கல்ல. அந்த எடத்தையே வெட்டி எடுத்துடுதேன். இனி எங்கயும் காட்டமாட்டேன்."

"வெட்டினா அவரு பாத்தது இல்லேன்னு ஆயிருமா?" பகவதி துண்டை அவிழ்த்து உதறினாள். "அப்போ ஞானதாசன் ரோட்டுலதான் செத்தாருன்னு ஆவும். அவ்வளவுதான்."

ரப்பர் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பகவதி நந்தனாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ இந்தப் படத்தைப் போன்ல விடலாமா பிள்ளே? எல்லாரும் காணுத மாதிரி?"

"விடலாம் அக்கா. ஆனா..."

"மூஞ்சியோட விடு."

"ஏட்டி, ஒனக்கு என்ன பைத்தியமா?" கிருஷ்ணமணி எழுந்தேவிட்டார்.

"அவரு ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா நாளைக்குக் கல்லு என் தலையில உருளும். எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். ஊருக்கே தெரிஞ்சா உருட்டதுக்கு முன்னால கொஞ்சம் யோசிப்பாருல்லா?" அவள் துண்டை மடித்துப் படியில் வைத்தாள். "யோசிக்காம உருட்டினாலும், ரோட்டுல கெடந்தாள்னு சொல்ல முடியாது."

நந்தனா மீரான் பாயைப் பார்த்தாள். மீரான் பாய் கிருஷ்ணமணியைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீரு என்ன சொல்லுதீரு?"

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட அதே கேள்வி. கிருஷ்ணமணி வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தார். தங்கையின் கண் அவர் மேலேயே நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

"இருட்டுததுக்கு முன்னால எடுத்துரு" என்றாள் பகவதி. எழுந்து சேலையைச் சரிசெய்தாள். இது அவளுடைய சொந்தச் சேலை. சுவரோரம் போய், தன் பழைய துண்டை எடுத்துக்கொண்டு நின்றாள்.

நந்தனா தோள்பையிலிருந்து கேமராவை எடுத்துத் தூக்கினாள்.

கீழே மண்ரோட்டில் ஏதோ வண்டி ஏறிவருகிற சத்தம் கேட்டது. மீரான் பாய் போய் வழியின் நடுவே நின்றுகொண்டார்.

கிருஷ்ணமணி கேமராவின் பின்னால் வந்து, அந்தச் சின்னத் திரைக்குள் தங்கையைப் பார்த்தார். பலாமரத்தின் நிழல் அவள் நெற்றியில் விழுந்து, கண்ணை மறைத்தது. பார்க்கிறவன் நம்பமாட்டான்.

"ஏட்டி" என்றார். "அங்கன நிக்காத. மூஞ்சி தெரியல்ல. இப்பிடி வெளிச்சத்துக்கு வா."

அவள் முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். கைகள் துண்டை எடுத்து இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கின.

"எம் பேரு பகவதியம்மாள்" என்றாள்.