பத்துக்குக் கீழே

சிறுநீரக நோயால் இறந்தவர்களின் நடப்பு ஐந்தாண்டுக் கணக்கைச் சுகாதாரத் துறை வட்டாரவாரியாக இணையத்தில் போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் வட்டாரத்துக்கும் பக்கத்து வட்டாரத்துக்கும் நேரே மட்டும் எண் இல்லை, நட்சத்திரக் குறி. ஐந்தாண்டில் பத்துப் பேருக்குக் கீழே இறந்திருந்தால் எண்ணை மறைத்துவிடுவார்கள். இன்னார் என்று யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதாம். செத்தவனுக்கு என்ன வெட்கம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க விதியே போட்டு வைத்திருக்கிறார்கள்.

புள்ளிவிவரம்தான் என் பிழைப்பு. அண்ணன் டயாலிசிஸில் உயிரை ஓட்டுகிறான். சாய ஆலைக் கழிவு எங்கள் கிணறுகளில் இறங்கியதுதான் காரணம், ஆலையை மூட வேண்டும் என்று மனு போட்டிருக்கிறான். அவன் மகள் இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். ஆதாரம் தர வேண்டியவள் நான்.

எங்கள் நட்சத்திரம் இருந்த இடத்தில் ஒன்று என்று வைத்துப் பார்த்தேன். ஆலை உத்தமன். ஒன்பது என்று வைத்தேன். ஆலை கொலைகாரன். பக்கத்து வட்டாரத்தோடு சேர்த்துக் கேட்டால் மொத்த எண்ணைத் தருவார்கள். ஆனால் குழாய்த் தண்ணீர் குடிக்கும் அந்த ஜனங்களின் ஆரோக்கியத்தில் எங்கள் சாவு காணாமல் போய்விடும். மறைத்த எண்ணைக் கேட்டு எழுதினேன். துறை கையை விரித்துவிட்டது. நேர்மையாக எழுத ஒரு வரிதான் மிஞ்சியது: தொடர்பு உண்டா இல்லையா என்று சொல்ல இயலாது.

அதைச் சொல்லத்தான் டயாலிசிஸ் அறைக்குப் போனேன்.

"ஒன்பதுன்னே போட்டுடேன். யாரு பாக்கப் போறாங்க?" என்றான் அண்ணன்.

"ஆலைக்காரன் வக்கீல் பாப்பான். அப்புறம் நாம சொல்ற எதையும் எவனும் நம்ப மாட்டான்."

"பொய்யா சொல்றேன்? செத்தவங்க வீட்டுக்கெல்லாம் நான் போயிருக்கேன். ஒன்பது பேருதான்."

"நீ மனு போட்டவன்ணா. உன் கணக்கு செல்லாது."

குழாயில் ஓடும் தன் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

"அப்ப இன்னும் ஒரே ஒரு ஆள்தான் குறையுது. கவலைப்படாத, ஏற்பாடு பண்ணிடலாம்."

"வாயைக் கழுவு!" என்று கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். கத்தும்போதே என் பாழாய்ப்போன மூளை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த ஐந்தாண்டுக் கணக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. அதற்குள் என்றால் எண் வெளியே வரும்.

அண்ணன் என் முகத்தைப் படித்துவிட்டான்.

"எந்த மாசத்துக்குள்ள?" என்றான்.

"டிசம்பர்" என்றேன், பாவி நான்.