காவியேறிய வேட்டி

பாருடி, மாப்பிள்ளை சட்டையெல்லாம் எப்படிக் காவியேறிப் போச்சு, சனியன் பிடிச்ச போர்த் தண்ணி, என்று அம்மா கொடியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்துக் காட்டுகிறாள், கோசலையின் கையில் காபி ஆறிக்கொண்டிருக்கிறது, காவியேறி, காவியேறி, போன மாதம்தான் இந்தச் சொல்லை வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தாள், உண்டியலை உடைத்தவன் காவியேறுன வேட்டி கட்டியிருந்தான் என்று பூக்கார ரஞ்சிதம் போலீசிடம் சொன்ன வாக்குமூலம், சாஃப்ரான் வேட்டி என்று தட்டினாள், விரல் தயங்கவேயில்லை, அந்த ஒரு சொல்லைச் சுட்டித்தான் கோயில் வாசல் சாமியாருக்கு ஹைகோர்ட்டில் ஜாமீன் மறுத்தார்கள், அவருக்காக வாதாடியதே அவள் வேலை பார்க்கும் வக்கீல்தான்.

சாஃப்ரான் என்றால் என்னவெல்லாமோ, அவளைச் சுமந்திருந்தபோது அம்மா பாலில் போட்டுக் குடித்த குங்குமப்பூ, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கிண்டிய கேசரியின் நிறம், தேசியக் கொடியின் மேல்பட்டை, காவிக்கும்தான் எத்தனை, சுவரில் அடிப்பது, பல்லில் படிவது, எல்லாம் தெரிந்தவள்தான், ஆனாலும் காவி என்று காதில் விழுந்தால் அவளுக்குப் பதினொரு வயதாகிவிடுகிறது, பள்ளி விட்டு வருகிறாள், அப்பா காவி உடுத்திப் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார், அந்தச் சாயங்காலம் இன்னும் முடியவில்லை, அந்தக் கோபத்தைத்தான் முன்பின் தெரியாத ஒருவர் மேல் தட்டச்சு செய்துவிட்டாளோ.

காபியை வைத்துவிட்டுக் கோயில் வாசலுக்கு ஓடினாள். வெள்ளை வேட்டிதாம்மா, அழுக்கேறிப் பழுப்பா இருந்துச்சு, என்றாள் ரஞ்சிதம், சாமியாரை எனக்குத் தெரியாதா, தெனமும் எங்கிட்டதான் பூ வாங்குவாரு, அவரா இருந்தா அவருன்னே சொல்லியிருப்பேனே. வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார், தப்பு உன்னோடதுன்னு எழுதிக் குடுத்தா அப்புறம் யாரும்மா உன்கிட்ட வேலை குடுப்பா, பரவால்ல சார், உள்ள இருக்கிறது நான் இல்லையே, என்று கையெழுத்துப் போட்டாள்.

எட்டாம் நாள் சாமியார் யாருடைய கைலியிலோ வெளியே வந்தார், என் துணிய எப்பம்மா தருவாங்க, அதைச் சாட்சிப் பொருளா வச்சிருக்காங்க சாமி, கேஸ் முடியணும், அவர் தலையை ஆட்டிவிட்டு வெயிலில் நின்றார், அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு எதிர்த் துணிக்கடைக்குப் போனாள், எந்தக் காவிம்மா, மடத்துக்கா, கட்சிக்கா, சபரிமலைக்கா, கடைக்காரர் நாலு விதமாக எடுத்துப் போடுகிறார், எதைத் தொடுவதென்று தெரியாமல் அவள் போனை எடுக்கிறாள், அம்மா, அப்பா எந்தக் காவி கட்டிக்கிட்டுப் போனாரு, இருபத்தாறு வருஷமாக வீட்டில் யாரும் வாயில் எடுக்காத பேச்சு, எதுக்குடி கேக்குற, சாமியாருக்கு வாங்குவதைச் சொன்னாள், அம்மா மெதுவாகச் சொல்கிறாள், சாயம் போகாததாப் பாத்து வாங்கு, உங்கப்பாவுக்கு நான் வாங்கிக் குடுத்தது ஒரே தண்ணியில வெளுத்திருக்கும்.