உள்ளே விட்ட துணி

தையல் பழக்குகிற ரிஸ்லாவின் முன்விறாந்தையில், பள்ளிக்கூடம் முடித்த பெட்டைகள் நாலைந்து பேருக்கு நடுவில், அண்ணன் பெண்சாதி, என் மச்சாள் மெற்றில்டா ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நூலை எச்சில்படுத்தினார். எச்சில்படுத்தினார், திருகினார், குத்தினார். நூல் ஊசிக்காதுக்கு இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, காதுக்குள் மட்டும் போகவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். துணைக்குப் போன நான் வாசலில் கதிரை போட்டு இருந்தேன். கேற்றடியில், ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு மரக்கறித் தோலுக்குக் காத்துக்கொண்டு நின்றன. அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற வயதில் தையல் பழக வந்த மனுசியைப் பார்த்து அந்தப் பெட்டைகள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. மச்சாள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மானைப் பார்த்துச் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன்.

எனக்கும் அவருக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. அவர் சமைத்தால் எனக்குப் புளி கூட, நான் சமைத்தால் அவருக்கு உறைப்புக் காணாது. கந்தோரில் தட்டெழுத்துக்காரியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் வளவிலேயே பின்னறையில் இருக்கிறேன். கலியாணம் கட்டாதவள் வாயை அடக்கி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. மச்சாளுக்கு ஒரு பொத்தான் தைக்கவும் தெரியாது என்பதை எத்தனையோ பேருக்கு முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் தைக்கத் தேவையும் இருக்கவில்லை. அண்ணனின் சட்டை எல்லாம் ஸெய்னுதீன் நானாவின் கடையில்தான் தைத்தது. அண்ணன் யோசேப் சீனன்குடா எண்ணெய்த் தாங்கியடியில் ஸ்டோர் பார்த்தவர். எண்ணெய்க்கும் பீப்பாவுக்கும் நடுவில் நின்றாலும், போன மாதிரியே மடிப்புக் கலையாமல் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதலாம் வாசகம் வாசிப்பதும் அவர்தான். ஆள் கொஞ்சம் எடுப்பான ஆள், பொய் சொல்லக்கூடாது.

பிறகு வயிற்றில் அந்த வருத்தம் வந்தது. கொழும்புக்குப் போய் மருந்து ஏற்றி ஏற்றி வந்ததில் உடம்பு அப்படியே இறங்கிப்போயிற்று. தோள்மூட்டில் இருக்க வேண்டிய சட்டைத் தையல் முழங்கைப் பக்கம் தொங்கியது. ஒரு ஞாயிறு காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றவர் பொத்தான்களை மெல்லக் கழற்றிவிட்டுக் கட்டிலில் இருந்துவிட்டார். "சட்டைக்குள்ள நான் இல்லை, சீலா. சட்டைதான் கோயிலுக்குப் போகுது" என்றார். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகவில்லை.

சின்ன அளவில் புதுச்சட்டை வாங்குவோம் என்றேன். வேண்டாம் என்றார். சின்னச் சட்டை வாங்கினால் சின்ன உடம்போடு இருக்கத் தனக்குச் சம்மதம் என்று ஆகிவிடுமாம். நானாவிடம் கொடுத்து, பக்கத்தை உள்ளே மடித்துப் பிடிப்பிப்போம் என்றால் அதுவும் மாட்டார். அளவெடுக்காமலே தன் உடம்பை மனப்பாடமாக வைத்திருக்கிற மனுசன், இனி நாடாவை இடுப்பைச் சுற்றிப் பிடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பார், அதைப் பார்க்கத் தன்னால் ஏலாது என்றார். குசினி வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த மச்சாள் ஈரக் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"நான் பிடிச்சுத் தாறன். உடம்பு வர, பிரிச்சு விடுறன்."

"உனக்கு என்ன தெரியும்?" என்று அண்ணன் கேட்டார்.

"பழகிறன்."

அப்படித்தான் ரிஸ்லாவிடம் போனோம். ரிஸ்லா கைக்குழந்தைக்காரி, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே பாடம் நடத்துவாள். நாடா, துணியில் கோடு போடுகிற சோக்கட்டி, குண்டூசி, துணிக்கு மட்டும் என்று தனியாக ஒரு கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றாக மச்சாளின் முன்னால் வைத்தாள். அந்தக் கத்தரிக்கோலால் கடதாசி வெட்டினால் முனை மழுங்கிப்போகும் என்று வெருட்டியும் வைத்தாள். கடைசியாகத் தூரிகை நீளத்தில் ஒரு சின்னச் சாமான் கொடுத்தாள். நுனியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் சிவப்புக் குமிழோடும் இருந்தது. தையல் பிரிக்கிற சாமான் அது. பழகுகிற காலத்தில் ஊசியைவிட இதற்குத்தான் வேலை கூட என்றாள். அவள் சொன்னது சரி. மச்சாள் தைத்ததைவிடப் பிரித்ததுதான் கனக்க.

ஆனால் சட்டையைத் தொட ரிஸ்லா விடவில்லை. முதலில் கைக்குட்டை அளவான லேஞ்சித் துணியை மரவளையத்தில் இறுக்கிக் கையால் பூ வேலை பழக வேண்டும் என்றாள். மச்சாளுக்குக் கோபம். பூவுக்கு இங்கே யாருக்கு நேரம், எனக்குச் சட்டை பிடிக்க வேணும் என்று நின்றார். கை நேராகப் போகாவிட்டால் மெஷினும் நேராகப் போகாது அன்ரி என்று ரிஸ்லா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். ஓட்டுத் தையல் கோணியது, காம்புத் தையல் முறுகியது. சங்கிலித் தையல் மட்டும் எப்படியோ கைக்கு வந்துவிட்டது. கண்ணி கண்ணியாக, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு. அதாலேயே இதழ், அதாலேயே காம்பு. அவர் போட்ட முதல் பூவைப் பார்த்து நான் நண்டு என்றேன். அண்ணன் அந்த நண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், கிளினிக்கில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ரிஸ்லா தன் பழைய கைமெஷினை இரவல் தந்தாள். மச்சாள் முதல் பிடித்தது நீலச் சட்டையை. அண்ணனின் ஓய்வுக்கு நானா தைத்துக் கொடுத்தது, வெயிலிலும் தோய்ச்சலிலும் வெளிறி வானத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு பக்கத் தையலையும் உள்ளே தள்ளிப் பிடித்து, மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளுக்கே மடித்து விட்டிருந்தார். அண்ணன் அதைப் போட்டுப் பார்த்தார். பிறகு பெருவிரலைச் சட்டைக்குள் விட்டு, விலாப் பக்கமாக அந்த மடிப்பை மேலிருந்து கீழே தடவினார். "இருக்கு" என்றார். அந்த ஞாயிறு வாசகம் வாசித்தார். குரல் இறங்கியிருந்தது, ஆனால் சட்டை உடம்போடு நின்றது. மச்சாள் வாசகத்தைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சட்டை போடும்போதெல்லாம் அண்ணனின் பெருவிரல் உள்ளே போய்வரும். மற்றவர்கள் சட்டைப்பையில் வீட்டுத் திறப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி. நானும் மச்சாளும் அதைக் கண்டும் காணாத மாதிரி இருப்போம்.

உடம்பு வரவில்லை, இன்னும் போனது. மச்சாள் எல்லாச் சட்டையையும் இரண்டாந்தரம் பிடித்தார். உள்ளே இருந்த துணி இப்போது இரண்டு பக்கமும் தடிப்பாகி, படுத்தால் விலா எலும்பில் அழுத்தியது. ஒருநாள் மேல் துடைத்துவிடும்போது எலும்புக்கு மேலே தோல் சிவந்து உரிந்திருந்ததை மச்சாள் கண்டார். அன்று மத்தியானம், அண்ணன் நித்திரையாக இருந்த நேரம், நீலச் சட்டையை எடுத்து உள்ளே இருந்த துணியைத் தையலோடு ஒட்ட வெட்டி, ஓரத்தைப் பிசிறு வராமல் கட்டிவிட்டார். பிளவுஸ்களின் உள்பக்கத்தை ரிஸ்லா அப்படித்தான் முடிப்பாள். வேலை வலு துப்பரவு. தட்டிச் சொல்ல ஒன்றும் இல்லாமல் எனக்கே அந்தரமாக இருந்தது. நிலத்தில் கிடந்த நீளத் துணித் துண்டுகளை நான் பொறுக்கிக்கொண்டு போய்ப் பந்தலில் பாகற்கொடியைக் கட்டினேன்.

பின்னேரம் அண்ணன் சட்டையைப் போட்டார். பொத்தான் பூட்டினார். பெருவிரல் உள்ளே போனது. மேலிருந்து கீழே வந்தது, திரும்ப மேலே போனது. மற்றப் பக்கத்தையும் தடவிப் பார்த்தார்.

"வெட்டிப்போட்டியா?"

மச்சாள் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"உரசினது... எலும்பில உரசினது. அதுதான்."

"சரி" என்றார் அண்ணன். கோபமே இல்லாத குரல். "நல்லதுதான். மிச்சத்தையும் வெட்டிவிடு மெற்றில்டா. இனி என்னத்துக்கு."

சட்டையைக் கழற்றி, மடித்து, கட்டில் விளிம்பில் வைத்தார். அன்றிலிருந்து சாரத்தோடு வெறும் மேலாகவே படுத்திருந்தார். கஞ்சி கொடுத்தால் இரண்டு கரண்டி குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். எனக்கு மச்சாளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. என்ன மனுசி இவர், ஒரு வாக்குச் சொன்னோமே என்று நினைவில்லையா என்று கேட்கத்தான் குசினிக்குள் போனேன். பைப்பைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல் அழுதுகொண்டிருந்தார்.

"நான் எலும்பைத்தான் பார்த்தனான் சீலா. உடம்பு வரும் எண்டதை அந்த நேரம் மறந்துபோனன்."

கேட்கப் போனதை நான் கேட்கவில்லை. மச்சாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் துண்டுகள் எங்கே என்றார். இரண்டு பேருமாகப் பந்தலடிக்குப் போய்க் கொடி நோகாமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தோம். ஒரு துண்டில் பாகல் இலையின் பச்சைக் கறை பிடித்திருந்தது. எவ்வளவு தோய்த்தும் போகவில்லை. ரிஸ்லாவிடம் சட்டையைக் கொண்டுபோனபோது, இதைப் பொருத்தலாம், ஆனால் என்றைக்காவது பிரித்து விட்டால் ஒட்டு வெளியே தெரியுமே அன்ரி என்றாள். தெரிந்தால் தெரியட்டும் என்றார் மச்சாள். மெஷினில் அடித்துத் தருகிறேன் என்றதற்கும் விடவில்லை. வீட்டில் இருந்து, தனக்கு வரும் அந்த ஒரே சங்கிலித் தையலால், கண்ணி கண்ணியாக நாலு துண்டையும் பொருத்தினார். எலும்பில் உரசாமல் இருக்க, பழகித் தைத்த லேஞ்சி ஒன்றைக் கிழித்து ஒட்டின் மேல் வைத்துத் தைத்தார். பிறகு சட்டையை மினுக்கி அலுமாரியில் தொங்கவிட்டார்.

கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று நான் அரித்தேன். இப்போது காட்டினால் பிராயச்சித்தம் மாதிரி இருக்கும், அவர் கேட்கட்டும், கேட்டால் எடுத்துக் கொடுப்பேன் என்றார். அண்ணன் கேட்கவில்லை. இப்படிப்பட்ட பிடிவாதக்காரர் இரண்டு பேரைக் கடவுள் ஒரே கட்டிலில் எப்படிச் சேர்த்து வைத்தாரோ என்று எனக்கு வாய் வரை வந்தது. மச்சாளின் வீங்கிய கண்ணைக் கண்டு விழுங்கிவிட்டேன்.

மாரி தொடங்கியபோது அண்ணனின் வயிற்றில் நீர் பிடித்தது. ஆஸ்பத்திரியில் இழுத்து எடுத்தார்கள், திரும்ப வந்தது. கையும் முகமும் ஒட்டிப்போக வயிறு மட்டும் பெருத்தது. இனி எடுக்கத் தேவையில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒன்றாக வைத்துக்கொண்டே சொன்னார். சுவாமியார் வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்று விடியவே அண்ணன் எழும்பி இருந்தார்.

"வெறும் மேலோட வாங்க ஏலாது. ஒரு சட்டை தா."

மச்சாள் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டார். வயிற்றுக்கு மேல் சேரவில்லை. அலுமாரியைத் திறந்து நீலத்தை எடுத்தார்.

"அது வெட்டினது" என்றார் அண்ணன்.

மச்சாள் சட்டையை உள்பக்கம் வெளியே புரட்டி அவர் மடியில் வைத்தார். அண்ணனின் பெருவிரல் தானாகப் போனது. ஒட்டில் தடக்கி நின்றது. சங்கிலிக் கண்ணிகளின் மேலே மெல்ல மெல்ல ஊர்ந்து கீழே வந்து, லேஞ்சித் துண்டில் இருந்த அரைவாசி நண்டைக் கண்டுபிடித்தது. பச்சைக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எப்ப பொருத்தினனி?"

"வெட்டின கிழமையே."

பிறகு அண்ணன் சட்டையை அவர் பக்கம் தள்ளினார். "பிரிச்சு விடு பாப்பம்" என்றார்.

மச்சாள் கட்டில் ஓரத்தில் இருந்து, சிவப்புக் குமிழ் வைத்த அந்தச் சாமானால் பக்கத் தையலைப் பிரித்தார். இந்த வேலையில் அவர் நல்லாகத் தேறியிருந்தார். இரண்டாந்தரம் பிடித்த தையல் போனது, முதல் பிடித்ததும் போனது, துணி நானாவின் தையல் இருந்த பழைய துளைகளையும் தாண்டி விரிந்தது. கைமெஷினை நான் சுற்ற, அவர் துணியின் கடைசி விளிம்போடு ஒரு ஓட்டு ஓட்டினார். சட்டையைப் போட்டுப் பூட்டினோம். கடைசிப் பொத்தான் வயிற்றுக்கு மேலே வந்து சேர்ந்தது.

அண்ணன் குனிந்து வயிற்றைப் பார்த்தார்.

"நீ சொன்னனி, உடம்பு வர, பிரிச்சு விடுறன் எண்டு." மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "வந்திட்டுது."

நான் மெஷினை மூடப்போனேன். மச்சாள் அவரின் கொலரை நிமிர்த்திவிட்டார்.

"ஓம்" என்றார். "வந்திட்டுது."

கேற்றடியில் சுவாமியாரின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. நான் மெழுகுதிரியைக் கொளுத்தினேன். அண்ணன் கைகளைக் கூப்பி வைத்திருந்தார். வெளிறிப்போன சட்டையின் இரண்டு பக்கமும், அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும், சங்கிலித் தையலையும் நானாவின் பழைய துளைகளையும் தாண்டி, இத்தனை வருசமாக வெயில் காணாத துணி கடையில் வாங்கிய அன்றைய கருநீலத்தில் தெரிந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளை மச்சாள் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.