சோடாபுட்டியும் மிதவைக் கயிறும்

படகு தீவை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரே கூச்சல். மூன்று வருடமாகப் பவளப்பாறையைப் படத்தில் மட்டும் பார்த்துப் பரீட்சை எழுதிய விலங்கியல் கூட்டம் அது. அதிலும் சோடாபுட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடியின் தடிமனால் வந்த பட்டப்பெயர். கழற்றிவிட்டால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது.

கடலுக்குள் பார்க்கப் போடும் முகமூடிக்குள் மூக்குக்கண்ணாடி நுழையாதே! அதற்கும் வழி செய்திருந்தாள் மகராசி. பழைய கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பிகளை ஒடித்து, மிச்சத்தை பிளாஸ்திரி போட்டு முகமூடிக்குள் ஒட்டியிருந்தாள்.

"ஜோடி ஜோடியாத்தான் இறங்கணும். ஒருத்தர் படகேறினா ஜோடியும் ஏறிடணும். பாறைகிட்ட ஒரு கை தூரம் தள்ளியே இருங்க" என்றார் பயிற்சியாளர். "கண்ணு சரியா தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா?"

"எனக்கெல்லாம் ஏற்பாடு பக்காவா இருக்கு சார்!" என்றாள் சோடாபுட்டி.

அவளுடைய ஜோடி அறைத்தோழி. தூக்கத்திலும் வாய் ஓயாததால் அவள் பெயர் ரேடியோ. இருவரும் கைகோத்துக் குதித்தார்கள்.

குதித்த வேகத்தில் பிளாஸ்திரி பிய்ந்தது. கண்ணாடி சறுக்கி மூக்கு நுனியில் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே நீலமும் மஞ்சளும் பழுப்பும் கலங்கிய சாயத் தண்ணீர், அவ்வளவுதான். சோடாபுட்டிக்கு அழுகை முட்டியது. எத்தனை நாள் கனவு! போய்ச் சொன்னால் ரேடியோவும் படகேற வேண்டும். தன் ஆசையில்தான் மண் விழுந்தது, அவள் ஆசையிலுமா போடுவது?

"கிளிமீன்டி! பார்த்தியா?" ரேடியோ தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"பார்த்தேன், பார்த்தேன்!"

"அய்யோ, அங்க பாரு, ஆமை!"

"ஆமா, எவ்ளோ பெருசு!"

புளுகி முடித்ததும் அலை ஒன்று தள்ளியது. கைக்குக் கிடைத்த மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அதையே பார்த்தாள். மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரம். அந்தத் தூரத்தில் அவள் கண்ணை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கயிறெங்கும் பாசி. பாசிக்கு நடுவே ஒரு கொக்கி. கொக்கி அசைந்தது. அது வால்! கயிற்றைச் சுற்றிப் பிடித்தபடி, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கடல்குதிரைக் குஞ்சு அவளையே உற்றுப் பார்த்தது.

சோடாபுட்டி மூச்சுவிட வாயில் கவ்வியிருந்த குழாயைத் துப்பிவிட்டு அலறிய அலறலில் படகோட்டி எழுந்தே நின்றுவிட்டார்.

கிளிமீனை விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் கயிற்றுக்கு நீந்தி வந்தது. "எங்கடி? எங்க?" ஒருவருக்கும் தெரியவில்லை. விரலால் காட்டிக் காட்டி ஒவ்வொருவராகப் பார்க்கவைத்தாள். அடுத்து, கூட வந்திருந்த பேராசிரியர். ஐம்பதைத் தாண்டியவர், கிட்டத்தில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி போடுபவர்.

"பாசிதாம்மா தெரியுது."

"நீங்க கொஞ்சம் பின்னால போங்க சார். இன்னும் கொஞ்சம். இப்போ?"

"அட!" அவர் குழந்தையாகக் கைகொட்டப் போய் ஒரு வாய் உப்புத்தண்ணீர் குடித்தார்.

கூட்டம் கலைந்ததும் ரேடியோ சோடாபுட்டியின் முகமூடியை உற்றுப் பார்த்தாள். கண்ணாடி இன்னும் மூக்கு நுனியிலேயே இருந்தது.

"அப்போ அந்த ஆமை?"

"தெரியல."

"கிளிமீன்?"

"எதுவுமே தெரியலடி. சொன்னா உன்னையும் ஏத்திடுவாங்கல்ல?"

ரேடியோ வாயடைத்துப் போனாள். இப்படி ஒரு அதிசயம் கடலுக்குள்தான் நடக்கவேண்டும் போல. பிறகு சோடாபுட்டியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சரி, பாறையை நான் பார்த்துச் சொல்றேன். கயித்தை நீ பார்த்துச் சொல்லு. என்ன?"

சோடாபுட்டியின் தலை ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தது.