வாயை ஊது

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருந்தது. அம்மா முன்னால் நின்று வாயை ஊத வேண்டும். தண்ணியடித்துவிட்டு வரும் ஆம்பிளையை மோந்து பார்ப்பதுபோல அம்மா என் வாயை மோந்து பார்ப்பார். குடித்தேனா, சிகரெட் பிடித்தேனா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய் தின்றேனா என்பதுதான்.

எனக்குச் சீலியாக் நோய். கோதுமையோ பார்லியோ கொஞ்சம் உள்ளே போனாலும் என் உடம்பு என் குடலையே பகையாளியாக நினைத்து அரிக்கத் தொடங்கிவிடும். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் மருந்து. எங்கள் எஸ்டேட்டில் இதை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ரொட்டி சானாயில் ஏது கோதுமை, அது வெள்ளை மாவுதானே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வெள்ளை மாவும் கோதுமைதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அம்மாவுக்கு மட்டும் அது விளங்கியது. அங்கேதான் வந்தது வினை. என் அம்மா பிரேமாவதி ரப்பர் கையுறை செய்யும் கிளவ் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை செய்கிறார். ஒரு ஓட்டையும் கண்ணுக்குத் தப்பாது. பிஸ்கட், சேமியா, கோதுமை கலந்த சோயா கிச்சாப் எல்லாவற்றையும் ஒரே நாளில் வீட்டைவிட்டுத் துரத்தினார். லோரி ஓட்டிவிட்டுக் களைத்து வரும் அப்பாவுக்குக்கூட ரொட்டி கிடையாது. எனக்கு மூன்று வேளையும் சோறு, ரசம், முட்டை, அவித்த காய். வயிறு உப்பினால் ரசத்தில் இன்னும் கொஞ்சம் பெருங்காயம் போடுவார். வாயு கலையுமாம். அந்த ரசத்தை டம்ளரில் ஊற்றி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார்.

இவ்வளவு செய்தும் ரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை. கோதுமையை விட்டால் இறங்க வேண்டிய எண் இறங்கவே இல்லை. வேறு எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது என்றார் டாக்டர். சாப்பாட்டு ஆலோசகரான ஒரு மலாய் அக்கா பொறுமையாக உட்கார்ந்து, வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், ரசத்தில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். புளி, மிளகு, சீரகம், பூண்டு என்று அம்மா விரல் மடக்கிச் சொன்னார். எல்லாம் சரிதான் என்றார் அந்த அக்கா. அப்படியென்றால் திருட்டு வெளியில்தான் நடக்கிறது என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். போதாக்குறைக்கு, சிம்பாங்கில், அதாவது முச்சந்தியில், இருக்கும் ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்ததாக யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். நான் கடையில் நின்றது உண்மை. பால் இல்லாத ஐஸ் டீ, தே ஓ ஐஸ், அதுதான் குடித்தேன். அதைக் கேட்க யார் இருந்தார்கள்?

அன்றைக்குச் சாயங்காலம் சாமி மேடை முன்னால் அம்மா சூடம் ஏற்றினார். அதைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளங்கையால் அமுக்கி அணைத்தேன். நான் கோதுமை எதுவும் தின்னவில்லை, மாரியம்மா மேல் ஆணை என்றேன். கை காந்தியது. அம்மா அழுதுவிட்டார், நம்பிவிட்டார்.

அடுத்த பரிசோதனையில் எண் இன்னும் ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. மகள் சூடத்தில் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டாள் என்று செவ்வாய்க்கிழமை தோறும் பட்டினி கிடந்து, வெறுங்காலோடு எஸ்டேட் கோயிலுக்குப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். பட்டினியோடு ஷிப்டுக்கும் போனார். நான் என்ன சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகிவிட்டது. கடைக்குப் போகத் தடை, தோழி வீட்டுக்குப் போகத் தடை, திரும்பி வந்தால் வாயை ஊது. ஒரு கட்டத்தில், ஆமாம் தின்றேன் என்று இல்லாத குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

இதற்கு நடுவில் ஜித்ரா பக்கம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனில் எனக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷக் கனவு. ஹாஸ்டலில் தங்க வேண்டும். கண் முன்னால் இருக்கும்போதே ஏய்ப்பவளை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பதில் அனுப்ப வியாழக்கிழமை கடைசி நாள்.

அந்த வியாழக்கிழமை பெருங்காயம் தீர்ந்துபோனது. அம்மா அதை எப்போதும் வேலை முடிந்து வரும்போது பாலிங் டவுனில் வாங்கிவந்து, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய ஊறுகாய்ப் போத்தலில் கொட்டி வைப்பார். அன்றைக்கு அவருக்குக் கால் வீங்கியிருந்தது. பஸ்ஸில் நேராகப் போய் நேராகத் திரும்பி வா என்று என்னை அனுப்பினார். மளிகைக் கடையில் அம்மா பெயர் சொல்லி அனுப்பிய அதே டப்பாவை எடுத்தேன். சீலியாக்காரிக்கு எதை எடுத்தாலும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். இதையும் திருப்பினேன். உள்ளே கலந்திருப்பவற்றின் பட்டியலில், பெருங்காயத்துக்கு முன்னாலேயே முதல் பெயராக அச்சடித்திருந்தது: தெப்போங் கண்டும். மலாயில் கோதுமை மாவு.

கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் காசு கொடுக்க நினைவு வந்தது. பஸ்ஸில் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. வீடு நெருங்கும்போது பயமாக இருந்தது. இதை எப்படி அந்த மனுஷியிடம் சொல்வது?

வாசலில் அம்மா மூக்கை நீட்டினார். நான் ஊதவில்லை. டப்பாவைத் திருப்பி அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அம்மா படித்தார். ஊறுகாய்ப் போத்தலைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"நானா?" என்றார்.

அம்மா போத்தலைக் குப்பையில் போட்டார். காலை நொண்டிக்கொண்டே சாமி மேடைக்குப் போய்ச் சூடம் ஏற்றினார். மறுபடியும் சத்தியமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா தன் உள்ளங்கையை நெருப்பின்மேல் வைத்து அமுக்கினார். நான் அணைத்ததைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

"இனிமே உன்னைச் சந்தேகப்பட மாட்டேன். ஆத்தா மேல சத்தியம்."

மெட்ரிகுலேஷனுக்குப் பதில் அனுப்ப நான் உடனே ஃபோனை எடுத்தேன். வேண்டாம் என்று அம்மா தலையை ஆட்டினார்.

"ஆனா அனுப்ப மாட்டேன் சாந்தினி. பெத்தவ நானே பாத்துப் பாத்து விஷம் வச்சிருக்கேன். அங்க யாருமா உன்னைப் பாப்பாங்க?"

பொய்க்காரி என்று வைத்த பூட்டு திறந்தது. பாசம் என்று அதைவிடப் பெரிய பூட்டு ஒன்று விழுந்தது. இந்தப் பூட்டோடு சண்டை போடவும் முடியாது.

"நான் பாப்பேன்மா. இதைக் கண்டுபிடிச்சது நான்தானே?"

அம்மா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். நான் கூடத்தில் நின்றபடியே ஃபோனில் 'தெரிமா' என்ற பொத்தானை அமுக்கினேன். ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம்.

"அமுக்கிட்டேன்மா," என்றேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மா சேலைத் தலைப்பால் உள்ளங்கையை ஒற்றிக்கொண்டார்.

"அங்க கேண்டீன்ல இந்தியன் ஸ்டால் இருக்குமா?"

"இருக்கும்மா."

"ரசம் குடுத்தா குடிக்காத," என்றார் அம்மா. "யாரு குடுத்தாலும் என்ன போட்டதுன்னு கேட்டுட்டுக் குடி. நான் குடுத்தாலும்."