உச்சத்தில் நிற்கும் கூட்டல்

தம்பியின் காதில் புதுக் கருவியைப் பொருத்திவிட்டு, காது டாக்டர் அவனைப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காம் டாக்டர்," என்றாள் அக்கா.

வாயைத் திறந்த தம்பி மூடிக்கொண்டான். அவனுக்கு இது புதிதில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது மந்தமானதிலிருந்து அவனுக்கான பதிலெல்லாம் அக்காதான். பள்ளிக்கூடம், வங்கி, பெண் பார்த்த இடம் என்று எங்கும் அவள் வாய்தான் முன்னால் போகும். இப்போது அவனுக்கே ஒரு மகள் இருக்கிறாள். அக்கா மட்டும் மாறவில்லை. முந்திரிக்கொட்டைதான், ஆனால் பாசத்தில் முந்துகிற முந்திரிக்கொட்டை. அவளைக் கடுமையாகச் சொல்ல மனம் வராது.

இன்னும் கடைக்கு வராத, வெள்ளோட்டத்தில் இருக்கும் அந்தக் கருவியில் அவளுடைய உழைப்பும் இருந்தது. அவளுக்கு வேலை கம்பைலரில். மனிதர்கள் எழுதும் நிரலை, கருவிக்குள் இருக்கும் சில்லுக்கு, அதாவது 'சிப்'புக்கு, புரிகிற கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் அது. அதில் புதிதாக ஒரு கூட்டலை அவள்தான் சேர்த்தாள். கருவிக்குள் சத்தமெல்லாம் எண்கள்தான்; சத்தம் பெரிதானால் கூட்டும் தொகையும் பெரிதாகும். சில்லின் சாதாரணக் கூட்டலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தொகை கொள்ளளவைத் தாண்டினால் தலைகுப்புறக் கவிழ்ந்து அடிமட்டத்துக்குப் போய்விடும்; காதில் அது வெடிச் சத்தமாகக் கேட்கும். அக்காவின் கூட்டல் உச்சத்தைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். கம்பைலருக்குள் ஒவ்வொரு சில்லுக்கும் கட்டளை எழுதித் தர ஒரு தனிப் பகுதி இருக்கிறது. சில்லு மூன்று வகை, தம்பியின் கருவியில் இருப்பது அதில் சின்னது; மூன்றுக்கும் சேர்த்தாள். சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சை காட்டின.

சில நாள் கழித்து, தம்பி மனைவி அலுவலகத்துக்கே போன் செய்தாள்.

"அண்ணி, அவர் மிஷினைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டாரு. பாப்பா கத்திச் சிரிச்சா காதுல இடி விழுதாம். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்துடப் போறாராம். இனி எந்த மிஷினும் வேணாம், இப்படியே இருந்துக்கறேங்கறாரு."

"புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். பழகிக்கச் சொல்லும்மா. நான் டெஸ்ட் பண்ணினது, அப்படி ஆக வழியே இல்ல."

போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை. அவன் இப்படியே இருந்துவிட்டால் மகளின் பேச்சு கடைசிவரை வெறும் உதட்டசைவுதான். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டாள். எதையும் நோண்டி நோண்டிக் கேட்பதால் அலுவலகத்தில் அவனுக்குக் குடைச்சல் என்று பெயர்.

"நீயே பாரு. சின்னச் சில்லுக்கு என் டெஸ்ட் என்ன கட்டளையா மாறியிருக்குன்னு காட்டறேன்."

திறந்தாள். இருவரும் பார்த்தார்கள்.

"கூட்டலையே காணோமே," என்றான் குடைச்சல். "விடை மட்டும்தான் இருக்கு."

அக்கா தன் சோதனையின் வரிகளுக்குத் திரும்பினாள். சோதனையில் கூட்ட வேண்டிய இரண்டு எண்களையும் அவளே நேராக எழுதிவிட்டிருந்தாள். எண்கள் முன்பே தெரிந்துவிட்டால் கம்பைலர் சில்லைத் தொந்தரவு செய்யாது. தானே கூட்டி விடையைக் கையில் கொடுத்துவிடும். சில்லு அதை வாங்கி அப்படியே நீட்டியிருக்கிறது. இத்தனை நாள் பச்சை காட்டியது கம்பைலரின் கணக்கு. சில்லு வாயே திறக்கவில்லை.

ஓடும்போதுதான் எண்கள் வந்துசேரும்படி சோதனையை மாற்றினாள். இரண்டு சில்லுகள் தேறின. தம்பியின் கருவியில் இருக்கும் சின்னச் சில்லு சிவப்புக் காட்டியது. அதன் பகுதியில் பழைய கூட்டலின் வரியை ஈயடிச்சான் காப்பி அடித்துவிட்டு, கட்டளையை மாற்ற மறந்திருக்கிறாள்.

"ஒரு வரிதானே, மாத்திடலாம்," என்றான் குடைச்சல், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "யாருக்கும் நடக்கறதுதான்."

"வரிக்காக இல்லப்பா. தம்பிகிட்ட நான் கேட்கவே இல்ல."

மேலாளரிடம் தவறை ஒப்புக்கொண்டாள். வெள்ளோட்டத்தில் இருந்த எல்லாக் கருவிகளுக்கும் திருத்தம் போக ஏற்பாடு ஆயிற்று. வியாழக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். கருவியில் புது மென்பொருளை ஏற்றி அவன் காதில் மாட்டினாள். சமையலறையில் குழந்தை ஒரு மூடியைத் தரையில் போட்டது. தம்பி திடுக்கிடாமல், திரும்பி மட்டும் பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

வழக்கம்போல் அவன் பதிலுக்கு அவள் முகத்தைப் பார்த்தான். தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். தன் வாயை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"வெடிக்கல," என்றான் கடைசியில். "ஆனா ஸ்பூன் சத்தம் குத்துது. உன் குரல் தகரத்துல தட்டற மாதிரி இருக்கு. பாப்பா குரல்..." மகளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பேசச் சொன்னான். அவள் பேசி முடிக்கும்வரை கேட்டான். "அது நல்லா இருக்கு. மிஷினைத் திருப்பிக் கொடுக்கல."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தகரத்தையும் சரி பண்ணிடலாம். அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறப்ப நானே எல்லாத்தையும் விவரமா..."

"அக்கா," என்றான் தம்பி மெதுவாக. "அடுத்த வாரம் நான் தனியா போறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. சந்தோஷமும் இருந்தது, ஆனால் வலிதான் முதலில் வந்தது. "சரிப்பா," என்றாள். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள்.